வீட்டுக்குப் பின்னால் ஆறு டன் தண்ணீர்

தரைக்கு மேல் நிற்கும் 12 அடி வட்டக் குளம். அதில் இரண்டடி உயரம் தண்ணீர் நிரப்பினாலே ஆறு டன்னைத் தாண்டிவிடும். அதனால், இரும்புச் சட்டங்களைப் பொருத்துவது ஒரு காலை வேலைதான் என்றாலும், தரையைச் சமப்படுத்த எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஆழம் கூடி, சுவர் வெளியே பிதுங்கும். பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பினால் பாரம் ஏறியதும் அமுங்கும். ஆகவே மேட்டைத்தான் வெட்டினேன். கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு, நீளப் பலகை மேல் ரசமட்டம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"இந்த வயதில் இது தேவையா?" என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். ஈப்போ பக்கத்து ஈயக்குட்டை ஒன்றில் என் மனைவியின் தம்பி பன்னிரண்டு வயதில் மூழ்கிப் போனான். அந்தப் பயத்தில் எங்கள் பிள்ளைகள் மூவருமே நீச்சல் தெரியாமல் வளர்ந்தார்கள். பேரப்பிள்ளைகளோடு அது முடியட்டும்.

நம் ஊர் வெயிலில் குளோரின் சீக்கிரம் குறைந்துவிடும். அடைமழையும் அதை நீர்க்கச் செய்யும். ஒரு வாரம் அசட்டையாக விட்டால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிறந்த வீடு. டிங்கிக் காய்ச்சலுக்கு நாமே வழி விட்டதாகும்.

மாலையானதும் ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். பிள்ளைகள் இறங்கும்போது பெரியவர் ஒருவர் கைப்பேசி இல்லாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. காது போதாது, கண்தான் காவல்.