பச்சைப் பீங்கான்: ஹவுரா குறிப்புகள்

ஞாயிறு. ஹவுராவில் லாஞ்ச் ஏறி கல்கத்தாவின் பாபுகாட்டில் இறங்கி, ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டுக்கு நடை. அங்கே ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச், 1940இல் தொடங்கிய ஏலக்கடை. அலமாரி, சரவிளக்கு, கிராமபோன் என்று எல்லாம் போகும். செலடான் என்னும் பச்சைப் பீங்கான் மட்டும் அபூர்வம். ஊருக்குள் வேறு கடைகளில் செலடான் என்று நீட்டுவது பெரும்பாலும் தாய்லாந்துப் புதுச்சரக்கு. அதுவும் அழகுதான், சொல்லும் விலைதான் அழகாக இல்லை.

*

பழைய செலடானா என்று அறிய முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மெருகில் உள்ள கொஞ்சம் இரும்பு, காற்று குறைந்த சூளையில் 1200 டிகிரிக்கு மேல் வெந்து பச்சையாகிறது. ஊறவைத்த பாசிப்பயறு நிறம். மெருகு படாத அடிவளையமோ சூளை ஆறும்போது காற்றுப் பட்டுச் செங்காவியாகும், அதுவும் இடத்துக்கு இடம் மாறி. காவிச்சாயம் தீட்டிய போலியில் நிறம் ஒரே சீராக இருக்கும். ஆனால் சிவப்பு இருந்தாலே பழசு என்றும் இல்லை. சீனத்து லோங்ச்சுவானில் இன்றும் பழைய முறையில் சுடுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அந்தக் கலையைப் பட்டியலில் சேர்த்தது.

*

விஷம் பட்டால் செலடான் தட்டு நிறம் மாறும் என்று நவாபுகள் நம்பினார்கள். ஹைதராபாத் சாலார்ஜங் மியூசியத்தில் செலடானைப் பார்க்கப் போனாலும் இந்தக் கதைதான் கூடவே வரும். என்னிடம் உள்ள விரிசல் விட்ட தட்டில் புளிக்குழம்பு ஊற்றியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

*

கல்கத்தா செலடானுக்குப் பிந்திப் பிறந்த ஊர். ஆற்றின் இந்தப் பக்கம், ஹவுராவின் பேத்தோரில், 1560களில் கப்பல் வரும்போது ஓலைச்சந்தை போடுவார்களாம், கப்பல் போனதும் கொளுத்திவிடுவார்களாம். வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரிச்சி எழுதி வைத்திருக்கிறார். அதற்குள் கப்பல்களில் நீல-வெள்ளைப் பீங்கானின் கை ஓங்கிவிட்டது.

செலடானின் நல்ல காலத்தைப் பார்த்தது நம் கரைதான். ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்த சீன ஓடுகளில் 13, 14ஆம் நூற்றாண்டு லோங்ச்சுவான் பச்சை நிறையவே உண்டு. கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டிலும் சீன ஓடுகள் கிடைத்திருக்கின்றன. லோங்ச்சுவான் சரக்கு கப்பலேறிய துறைகளில் ஒன்று சுவான்ஜோ. அங்கே 1281இல் தமிழ் வணிகர் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது.

எல்லாம் உடைசல். எனக்கு அதுவே மேல். உடைந்த ஓரத்தில் மெருகின் கனம், உள்ளே மண்ணின் சாம்பல் வெள்ளை, இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். முழுக்கிண்ணம் இதை மறைத்துவிடுகிறது. ஆனால் இது மியூசியத்தில் பார்க்க வேண்டியது. மேட்டில் பொறுக்கிச் சட்டைப்பையில் போடுகிறவரைச் சேகரிப்பாளர் என்று சொல்ல மாட்டேன்.

*

சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் போன். "பழசா ஒண்ணு வாங்கி அனுப்புங்க அத்தான்." 1972 சட்டப்படி நூறாண்டு தாண்டியது தொல்பொருள், தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்றேன். "அப்ப புதுசு?" அனுப்பலாம். ஆனால் அந்தத் தாய்லாந்துச் சரக்கு அவருக்கு அங்கேயே மலிவாகக் கிடைக்கும்.