ஒற்றைக் கண்ணின் விலை

மதரஸாவில் 'தியத்' என்னும் ஈட்டுத்தொகைப் பாடம் நடக்கையில், உறங்கி வழியும் மாணவனும் நிமிர்ந்து உட்காரும் ஓர் இடம் உண்டு. முன்னரே ஒரு கண்ணை இழந்தவனுடைய மறு கண்ணை இன்னொருவன் தவறுதலாகப் போக்கிவிட்டால் ஈடு எவ்வளவு? ஒரு கண்ணுக்கு முழு தியத்தில் பாதி என்பது பொது விதி. இங்கும் பாதியே என்றார்கள் இமாம் அபூஹனீஃபாவும் இமாம் ஷாஃபிஈயும். பறிபோனது ஒரு கண்தானே! இமாம் மாலிக்கும் இமாம் அஹ்மதும் முழு தியத் என்றார்கள். உமர், உஸ்மான், அலீ (ரலி) ஆகியோர் அவ்வாறே தீர்த்ததாக வரும் செய்திகள் அவர்களுக்கு ஆதாரம். அவனிடம் எஞ்சியிருந்தது ஒரு கண் அன்று. பார்வை முழுவதுமே அதுதான். நாம் ஹனஃபீ மத்ஹபினரே ஆயினும், இவ்விடத்தில் நம் உள்ளம் மதீனாவின் இமாம் பக்கம் சாய்வதை மறைப்பதற்கில்லை.

இது கிதாபோடு முடியும் பேச்சன்று. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து, லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் வீடு திரும்புவோர் அனைவரும் பூரண சுகத்துடனா அடிபடுகிறார்கள்? ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு முன்பே முறிந்து தகடு வைத்த கால். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்கும் முதற்கேள்வி, "இது முன்பே இருந்த நோய்தானே?" என்பதே.

இதற்கு ஆங்கில நீதிமன்றங்கள் 1901லேயே விடை கண்டன. அடிபட்டவனின் மண்டையோடு இயல்புக்கு மாறாக மெலிந்திருந்தது என்பது இடித்தவனுக்குச் சமாதானமாகாது. 1962இல் வந்த தீர்ப்பொன்றில், உருகிய உலோகம் தெறித்து உதடு வெந்த ஆலைத் தொழிலாளி புற்றுநோய் கண்டு இறந்தார். புற்றுக்கான கூறு அவர் உடலில் முன்பே இருந்தது. ஆயினும் முதலாளியே பொறுப்பு என்றாயிற்று. ஆனால் பழைய நோய்க்கே ஈடு கேட்பது வேறு. விபத்து கூட்டிவைத்தது எவ்வளவோ, அவ்வளவே கேட்கத்தக்கது.

அந்த அளவை எப்படி நிறுப்பது? 2010ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: உறுப்பின் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடக்கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடக்கூடும். அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். தொழிலாளர் இழப்பீட்டுக்கென முன்பு நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒரு கண் போனால் 40 சதவீதம். ஆனால் மறு கண் நலமாயிருந்தால்தான் அந்தக் கணக்கு. பார்வை வேண்டும் வேலை எதையும் செய்ய இயலாதபடி ஆகிவிட்டால் 100. மாலிக் இமாமின் மாணவர் எவரும் இதை எழுதவில்லை!

நம்மை வருத்துவது வேறொன்று. அண்மையில் லேத் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். முதுகில் டிஸ்க் விலகல் அவருக்குப் பழையது. சென்ற ஆண்டு அத்திப்பள்ளியில் கார் இடித்தபின் நிற்கவே முடியவில்லை. "பழைய ஸ்கேனைக் கிழித்துப் போடு" என்று உறவினர் சொல்லியிருக்கிறார்கள். அது கூடாது என்றோம். பொய்ச் சாட்சியம் பெரும்பாவம் என்பது ஒருபுறம். ஆஸ்பத்திரிப் பதிவேடு வெளிப்படும் நாளில், அவர் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள் என்பது மறுபுறம். அந்த ஸ்கேன் அவருக்கு எதிரியன்று. அந்த முதுகோடேயே அவர் தினமும் எட்டு மணி நேரம் லேத்தில் நின்றார் என்பதற்கு ஆலையின் வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் சாட்சி. விபத்துக்கு முந்திய ஸ்கேனையும் பிந்திய ஸ்கேனையும் அருகருகே வைத்து, சிகிச்சை செய்த மருத்துவரே கூண்டில் ஏறிச் சொன்னால் வித்தியாசம் தானே பேசும்.

விபத்து கர்நாடகத்தில் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டுமோ என்றும் அஞ்சினார். வேண்டியதில்லை; 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி, மனுதாரர் தாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். மறுவாரம் பழைய ஸ்கேன், புதிய ஸ்கேன், மூன்றாண்டுச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையிலிட்டு, ஓசூர் வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்தார்.