இன்னொருவர் கையெழுத்து

சொந்தத் தொழிலைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நடத்திவிட்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் முதலில் முட்டிக்கொள்வது அனுபவச் சான்றிதழ் என்னும் ஒற்றைத் தாளில்தான். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை ஒருவர் இன்ன வேலையைச் செய்தார் என்று அவரை வேலைக்கு வைத்திருந்தவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதே அச்சான்றிதழ் என்பதால், தமக்குத் தாமே முதலாளியாக இருந்தவருக்கு அதை எழுதித் தர ஆளே இல்லை. திருப்பூரில் 'ஜாப் ஒர்க்' கம்பெனி நடத்தி, அதை மூடிவிட்டுக் கடல் கடந்து சம்பளத்துக்குப் போகிறவர்களின் நிலையை எண்ணும்போது இந்தச் சின்னஞ்சிறு தாளின் கனம் விளங்கும்.

ஜாப் ஒர்க் என்பது, ஏற்றுமதியாளர் துணியையும் அளவையும் கொடுக்க, வெட்டுதல், தைத்தல், அயர்ன் செய்தல் போன்றவற்றுள் ஏதேனும் ஒரு கட்டத்தை மட்டும் பீசுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு முடித்துத் தருவதாகும். வாடகைக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களைப் போட்டிருப்பவரும் அவ்வூர் வழக்கில் 'கம்பெனி' வைத்திருப்பவரே. அவர்களுள் பலர் கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து மடிக்கும் சிறுவராக, இன்னொருவர் கம்பெனியில் தொடங்கியவர்கள். திருப்பூர்த் தொழிலாளி முதலாளியான அந்த ஏற்றத்தை ஷரத் சாரி, 2004இல் வெளிவந்த 'ஃப்ரடெர்னல் கேபிடல்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முதலாளியாக இருந்தவர் மறுபடி சம்பளக்காரராகும் பயணமும் அதே அக்கறையுடன் எழுதப்பட வேண்டியதாகும்.

அந்தப் பயணத்துக்கான காரணங்களை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போனது, அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த ஜிஎஸ்டி, 2020 மார்ச் ஊரடங்கு, அதைத் தொடர்ந்த நூல் விலையேற்றம், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரி. ஆயினும் சிறு கம்பெனியைக் கடைசியில் சாய்ப்பது நிலுவைத் தொகைதான். சிறு நிறுவனங்களுக்குரிய பணத்தை அதிக அளவாக 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், அழுத்திக் கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் வராது என்பதால் அச்சட்டத்தைக் கையில் எடுக்க ஜாப் ஒர்க்காரர் தயங்குகிறார். கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமையோ ஏழு நாளுக்கொரு முறை தவறாமல் வந்து நிற்கிறது. அந்த இடைவெளியை முதலில் வீட்டு நகை அடைக்கிறது. நகையும் தீர்ந்த வாரத்தில் இயந்திரம் விலைபோகிறது.

அதன்பின் அவர் போகக்கூடிய ஊர்களுள் ஒன்று ஜோர்டானின் வடக்கில் இர்பித் நகரை அடுத்த அல் ஹசன் தொழிற்பேட்டை. தெற்காசியத் தொழிலாளர் பெருமளவில் வேலை செய்யும் அங்குள்ள ஆடை ஆலைகள், 2001 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஜோர்டான்–அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தால் பயனடைந்தவை. ஊரில் எந்த நாட்டுக் கடைகளுக்காகத் தைத்தாரோ, அதே நாட்டுக் கடைகளுக்கான ஆடையையே அங்கும் அவர் மேற்பார்வையிடுகிறார்.

புறப்படும் முன் தாள்கள் குறுக்கே வருகின்றன. கைமடிக்கப் போனதால் பத்தாம் வகுப்பை எட்டாதவரின் பாஸ்போர்ட் 'இசிஆர்' வகையைச் சேரக்கூடும். அவ்வகையினர் ஜோர்டான் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலர் எனப்படும் அதிகாரியின் அனுமதி வேண்டும். பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாகப் பெறலாம் என்ற விதியையும் போகிறவர் அறிந்திருப்பது நல்லது. இவையெல்லாம் அலைச்சலோடு தீர்ந்துவிடும். அனுபவத்தைக் காட்டுவதுதான் தீராத பாடு. ஜிஎஸ்டி பதிவையும் சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழையும் வருமான வரிக் கணக்கையும் அவர் எடுத்து வைத்தால், அவை ஒரு கம்பெனி இருந்ததைச் சொல்லுமே தவிர, அவர் கைக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லா. எனவே, தெரிந்தவர் கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதி வாங்குவோரும் உண்டு. தம்மிடமிருந்து விலகிப்போன எத்தனையோ டெய்லர்களுக்குத் தம் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி ரப்பர் ஸ்டாம்ப் அழுத்திக் கொடுத்தவர், தம் பதினைந்து ஆண்டுகளை வேறொருவர் பெயரில் எழுதி வாங்க வேண்டியிருப்பது சட்டப்படி தவறு மட்டுமன்று, பெரும் கொடுமையும் ஆகும். சொந்தத் தொழில் நடத்தியவரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பை அரசு ஏற்பதே நியாயம்.

ஆலைக்குள் அவர் அறிவின் ஒரு பகுதிக்கே வேலை இருக்கிறது. துணியை இரு விரலிடையே தேய்த்துப் பார்த்தே அதன் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, ஏறத்தாழ இவ்வளவு என்று சொல்லக்கூடியவருக்கு, அங்கே வட்டமாக வெட்டிய துண்டைத் தராசில் வைத்துப் பார்த்தவர் எழுதிய எண்தான் கணக்கு. விலை பேசுவதும், கூலி ஆள் பிடிப்பதும், வங்கியில் தவணை கேட்பதும் அவருக்கு இனித் தேவைப்படாத வித்தைகள். ஆனாலும் தரையில் கிடக்கும் பீசைக் கண்டால் குனிந்து எடுத்து உதறி மேசைமேல் வைக்காமல் அவரால் கடந்துபோக முடிவதில்லை.

இதனால் அவர் வருந்துவதாக மட்டும் கொள்வது பிழை. வெள்ளிக்கிழமை விடுமுறையான அந்நாட்டு ஆலையில் சனிக்கிழமை என்பது வாரத்தின் முதல் வேலைநாள். மாலை ஆறு மணிக்கு யார் முகத்தில் எப்படி விழிப்பது என்று நெஞ்சு அடித்துக்கொண்ட அதே கிழமையில், அவர் இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அதில் ஊரில் பாக்கியுள்ள கடன் தவணை போக மீதி பிள்ளைகளின் படிப்புக்கு ஆகிறது. கம்பெனி வைத்திருந்தவர் என்று உறவினர் இழுத்துப் பேசினாலும், அந்த உறக்கத்தின் மதிப்பை அவரும் அவர் மனைவியும் அறிவார்கள்.

இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது ஆலை அலுவலகத்தில் அவருக்கு ஒரு தாள் தருகிறார்கள். பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், நன்னடத்தை பற்றி ஒரு வரி, அடியில் அவரைவிட வயதில் இளைய மேலாளர் ஒருவரின் கையெழுத்து. அதில் இருபத்துநான்கு மாதங்கள் இருக்கின்றன. அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் இணைக்கப்போவது அந்தத் தாளைத்தான். பதினைந்து ஆண்டுகளின் ரப்பர் ஸ்டாம்ப், வீட்டு மேசை இழுப்பறையில், மை உலர்ந்து கிடக்கிறது.