கூட்டத்துக்குப் போன கணவர்கள்

ஸ்டான் லோரலும் ஒலிவர் ஹார்டியும் நடித்து 1933இல் வெளியான 'சன்ஸ் ஒஃப் த டெசர்ட்' என்ற படத்தை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. கதை ஒரு 'லொட்ஜ்' பற்றியது. லொட்ஜ் என்றதும் நமக்குத் தங்குமிடந்தான் நினைவுக்கு வரும். இது ஆண்கள் மட்டும் கூடும் இரகசியச் சங்கம். விசேட தொப்பி, சத்தியப் பிரமாணம் எல்லாம் உண்டு.

சிக்காகோ மாநாட்டுக்கு வருவதாக இருவரும் சத்தியம் செய்துவிடுகிறார்கள். வீட்டில் தானே ராஜா என்று அளக்கும் ஹார்டி, மனைவி மறுத்ததும் நோயாளியாக நடிக்கிறார். பரிசோதிக்க வருபவரோ மிருக வைத்தியர்! அவர் சொற்படி ஹொனலூலுவுக்கு ஓய்வெடுக்கப் போவதாகக் கூறி இருவரும் சிக்காகோ போகிறார்கள். ஹொனலூலுவிலிருந்து வந்த கப்பல் புயலில் மூழ்குகிறது. பதறிப்போன மனைவிமார் மனதைத் தேற்றத் திரையரங்குக்குப் போனால், செய்திப் படத்தில் கணவன்மார் மாநாட்டு ஊர்வலத்தில் கும்மாளமடிக்கிறார்கள். கடைசியில் உண்மையைச் சொன்ன லோரலுக்கு ராஜ உபசாரம். பொய்யைக் கைவிடாத ஹார்டியின் தலையில் சமையலறைச் சட்டி பானை அத்தனையும். வயிறு நோகச் சிரித்தேன்.

ஆனாலும் படித்த சமூகவியல் சும்மா இருக்க விடுவதில்லை. அக்கால அமெரிக்காவில் இத்தகைய சங்கங்கள் பல, அங்கத்தவர் நோயுற்றால் உதவிப்பணமும் இறந்தால் ஈமச்செலவும் கொடுத்தன. அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல்தான் வந்தது. ஆகவே லொட்ஜுக்குப் போவதெல்லாம் வெறும் ஊர்சுற்றல் என்று தள்ளிவிட முடியாது. (இவர்கள் இருவரும் போனது ஊர்சுற்றத்தான், அது வேறு விடயம்.)

இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டிய படம், போர்க்காலத்தில், 1942இல் வந்த 'புளொண்டி ஃபோர் விக்டரி'. இதில் சங்கம் அமைப்பவள் மனைவி. போர்க்கால உதவிப் பணிகளுக்காக இல்லத்தரசிகளைத் திரட்டுகிறாள். வீடு கவனிப்பாரற்றுப் போகிறதென்று கணவன்மார் முணுமுணுக்கிறார்கள். அவளை வீட்டோடு இருத்துவதற்காகக் கணவன் டாக்வுட் இராணுவ உடுப்பை அணிந்து சிப்பாயாக நடிக்கிறான். ஹார்டி பொய் சொன்னது தான் வெளியே போக. டாக்வுட் பொய் சொன்னது மனைவி வெளியே போகாமலிருக்க. இரண்டும் நகைச்சுவைதான், இரண்டாவதில் என்னால் முழுமனதோடு சிரிக்க முடியவில்லை.

நான் போய்வரும் மாதர் சங்கமொன்றில் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டைச் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் வருவார்கள். நாலரைக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு இரண்டு கதைகளையும் சொன்னேன். சட்டி பறந்த இடத்தில் மண்டபமே சிரித்தது. டாக்வுட் உடுப்புப் போட்ட இடத்தில் சத்தமில்லை.

"பிறகு அந்தப் பிள்ளை கூட்டத்துக்குப் போனவவோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டா.