வீட்டுக்காரர்

ஜனவரி 11

உறைபனியில் குழாய் வெடித்து முன்னறைக் கூரையின் பாதி விழுந்துவிட்டது. மின்சாரமும் இல்லை. காப்புறுதிக்காரர்கள் லண்டன் ஹரோ வீல்டில் உள்ள கிரிம்ஸ் டைக் ஹோட்டலில் இரண்டு அறை எடுத்துத் தந்திருக்கிறார்கள். அறைகளோ சாமான்களோ நனைந்ததைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கி, உயர்ந்த புகைபோக்கிகளையும் சுவரில் ஓடும் கறுப்பு மரச்சட்டங்களையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றா.

"ஆருடைய வீடு இது?"

"ஹோட்டல், அம்மா."

"அதுக்கு முந்தி?"

ஜனவரி 12

மகனுடைய வேதியியல் குறிப்புகள் முழுக்க ஊறிப்போய்விட்டன. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஹீட்டருக்கு மேலே தாள் தாளாகப் பரப்பியிருக்கிறான்.

ஜனவரி 14

இன்றைக்கு அம்மாவோடு சண்டை. அறை துப்புரவாக்க வரும் பெண்ணுக்கு வேலையே இருக்கக்கூடாது என்று, விடிய எழும்பிக் கட்டிலை விரித்து, நனைந்த துவாயைப் பிழிந்து மடித்து, குளியலறைத் தரையையும் துடைத்துவைக்கிறா. கீழே இருத்தினால் சோபாவின் விளிம்பில்தான் இருப்பா. முதுகு சாய்வதே இல்லை. "காசு கட்டித்தானே இருக்கிறம்" என்று கத்திவிட்டேன். "ஆர் கட்டுறது? காப்புறுதிக்காரன். அவன்ரை வீடோ இது? வீட்டுக்காரரைக் காணாமல், ஒரு சொல்லுச் சொல்லாமல், எப்பிடி ஒரு வீட்டிலை கால்நீட்டிப் படுக்கிறது?"

இரவு தூக்கம் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் யார் யாரென்று தேடி வாசித்தேன்.

கட்டுவித்தவர் பிரெடரிக் குடால் என்ற ஓவியர். கட்டடக்கலைஞர் நார்மன் ஷோ. 1870 முதல் 1872 வரை வேலை நடந்திருக்கிறது. குடால் எகிப்துக்குப் போய்வந்து விவிலியக் காட்சிகளை வரைந்தவர். படத்தில் ஆடுகள் அசலாக வரவேண்டும் என்று எகிப்திலிருந்தே ஆடுகளை இறக்கி இந்தப் புல்வெளியில் மேயவிட்டாராம். சோகோ சதுக்கத்தில் நின்ற இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் சிலையும் அவர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது. 1890இல் வீட்டை வாங்கியவர் டபிள்யூ. எஸ். கில்பர்ட். சல்லிவன் இசையமைக்க 'மிக்காடோ' முதலிய இசைநாடகங்களை எழுதியவர். குடால் படம் வரைந்த பெரிய அறையை அவர் வரவேற்பறையாக்கினார். அங்கே இருக்கும் அலபாஸ்டர் கணப்படுப்பை நேற்றுத்தான் அம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்தா. மங்கல் வெள்ளையில் செந்நிற நரம்பு ஓடும் கல். "குளிருது" என்றவ கையை எடுக்கவில்லை.

கில்பர்ட் தோட்டத்தில் ஓர் ஏரி வெட்டுவித்தார். 1911 மே 29ஆம் தேதி, 74 வயதில், இரண்டு இளம் பெண்களுக்கு நீச்சல் பழக்க அதில் இறங்கினார். ஒருத்தி ஆழத்துக்குப் போய் அலறினாள். நீந்திப்போய், பயப்படாதே, என் தோளைப் பிடி என்றார். அவள் பிடித்தாள். அவர் தாழ்ந்துபோனார். இதயம் நின்றுவிட்டது.

ஜனவரி 15

காலைச் சாப்பாட்டில் இவ்வளவையும் அம்மாவுக்குச் சொன்னேன். நாடகம், சிலை, ஆடு எதுவும் ஏறவில்லை. ரொட்டியை வைத்துவிட்டுக் கேட்டா:

"அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?"

ஜனவரி 17

கண்டுபிடித்துவிட்டேன். ரூபி பிரீஸ். அப்போது 17 வயது. காலில் சேறு தட்டுப்பட, நடந்து கரையேறியிருக்கிறாள். பிறகு பற்றீசியா பிரீஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஓவியம் படித்தாள். டொரதி ஹெப்வேர்த் என்ற தோழியோடு வாழ்ந்தாள். தோழி வரைந்த படங்கள் இவளுடைய பெயரில் விலைபோயின. 1937இல் ஸ்டான்லி ஸ்பென்சரைக் கலியாணம் செய்தாள், ஆனால் அவரோடு குடும்பம் நடத்தவில்லை. ஸ்பென்சர் வரைந்த அவளுடைய நிர்வாணப் படங்களுக்கு இப்போது பெரிய பேர். எழுதுகிறவர்கள் அவளைப் பேராசைக்காரி, ஏமாற்றுக்காரி என்றே எழுதுகிறார்கள். எனக்கு வாசிக்க வாசிக்கக் கோபம் வந்தது. பதினேழு வயதில் ஒரு பெரியவர் தன் கைக்குள்ளிருந்து தாழ்ந்துபோனதை அறிந்தவளைப் பற்றி அப்படி ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை.

அம்மாவிடம் நிர்வாணப் படத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்தா.

"அவற்றை மனிசியிட்டை அந்தப் பிள்ளை போனதோ?"

கில்பர்ட்டின் மனைவி 1936 வரை இதே வீட்டில் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். சிலை சோகோவுக்கே திரும்பவேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். 1938இல் அது திரும்பிப் போனது.

"பொருளைக் குடுத்திட்டுப் போறது நல்லது" என்றா அம்மா.

ஜனவரி 18

வெயில்! கீழே ஒரு கலியாண வரவேற்பு. மகன் இரண்டு தட்டு கேக்கோடு மேலே வந்தான். யார் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

ஜனவரி 20

ஏரிப்பக்கம் நடந்தோம். ரோடோடென்ரன் புதர்களுக்கு நடுவே வழுக்குப்பாதை. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏரி பெரும்பாலும் தூர்ந்து கிடக்கிறது. கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், அதற்குள் விழுந்த கிளைகள். அம்மா செருப்பைக் கழற்றப்போகிறவபோல் குனிந்தா, நான் தடுத்தேன்.

திரும்பும்போது, யாரிடமோ சொல்வதுபோல:

"மீசாலையிலை அவ அடுக்களைக் கதவைப் பூட்டேல்லை."

எனக்கு உடனே விளங்கியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் மழைக்குள் எழும்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது, நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மீசாலையில் ஒரு ரீச்சரம்மா வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் ஆமி அங்கேயும் வந்தது. ரீச்சரம்மா குடும்பம் இரவோடிரவாக வன்னிக்கு வெளிக்கிட்டுவிட்டது. நாங்கள் விடிய எழும்பிப் பார்க்க வீடு பூட்டிக் கிடந்தது. அடுக்களைக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே அரைச்சாக்கு அரிசி. அதைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம்.

எனக்கு நினைவிருப்பது அந்த அரிசியின் புழுங்கல் வாசம்தான். அம்மாவுக்கு இவ்வளவு வருடமாகக் கதவு.

ஜனவரி 21

அம்மா இன்றைக்கும் கட்டில் விரித்தா. நானும் மற்றப் பக்கத்து நுனியைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

ஜனவரி 23

சாவகச்சேரி மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். மீசாலையில் எந்த ஒழுங்கை என்று கேட்டா. அம்மா போனைப் பறித்து, வாசலில் ஒரு பிலா, வலப்பக்கம் கிணறு, எதிரே வாசிகசாலை என்று அடுக்கிக்கொண்டு போனா. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்தப் பக்கம் எத்தனையோ வீடு தரைமட்டமாகிவிட்டது, பிலா எங்கே நிற்கப்போகிறது என்றா மச்சாள். பெயர் தெரியுமா? அம்மாவுக்கு ரீச்சரம்மா என்பதுதான் பெயர். பள்ளிக்கூடப் பக்கம் பழைய ஆட்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறா.

ஜனவரி 26

காப்புறுதிக்காரர் அழைத்தார். தரைப்பலகையில் இன்னும் ஈரம். உலர்த்தும் இயந்திரங்கள் தொடர்ந்து ஓடவேண்டுமாம், அறைகளை நீட்டியிருக்கிறார். மகன் சந்தோஷப்பட்டான். எனக்கு வீடு வேண்டும், என் அடுப்பு வேண்டும்.

அம்மா கேட்டது, மச்சாள் எடுத்தவளோ என்று. இல்லை என்றேன். அங்கே இப்போது நள்ளிரவு என்றும் சொன்னேன். அப்படியென்றால் விடியட்டும், விடிய நீயே எடு என்றா.