கணுக்காலுக்கு ஆறு வாரம் ஓய்வு, வயிற்றுக்கு?

எங்கள் அத்தைக்கு நடவுதான் தொழில். பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவர். இரண்டு வருடத்துக்கு முன் சம்பா நடவின்போது, நாற்றுமுடியோடு வரப்பில் வந்தவர் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது.

எண்ணெய்க் கட்டு போட்டோம். வீக்கம் வடியவில்லை. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு முறியல, சுளுக்குதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை தின்றுகொண்டே இரண்டு சம்பா நட்டார் அத்தை. இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். "வயசாகுதுல்ல" என்று நாங்களும் சொன்னோம். அந்தக் குற்றம் எங்கள்மீதும் இருக்கிறது.

தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கணுக்கால் மூட்டுக்குள் தாலஸ் என்றொரு எலும்பு இருக்கிறது. நிற்கும்போது உடம்பின் பாரம் அதன்மேல்தான் இறங்குகிறது. அதன் மேலே வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பு, அடியிலிருக்கும் எலும்போடு சேர்ந்து பெயர்ந்திருந்தது. கால் பிசகும்போது இப்படி நடப்பது உண்டு. எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் பெயர்ந்த இடம் தானாக வளர்ந்து மூடாது.

அறுவை எப்படி என்று டாக்டர் விளக்கினார். கணுக்காலில் சிறு துளைகள் போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, பெயர்ந்த துண்டை எடுத்துவிடுவார்கள். பிறகு அடி எலும்பில் நுண்துளைகள் போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து உறைந்து, மெல்ல ஒரு புதுத் திசு மூடும். அது பழைய குருத்தெலும்பின் உறுதிக்கு வராது. பள்ளம் பெரிதாக இருந்தால் முழங்காலிலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பை எடுத்துப் பதிப்பதும் உண்டு. மூட்டு முழுக்கத் தேய்ந்துபோனால் எலும்புகளை இணைத்து இறுக்கிவிடுவார்கள். வலி குறையும், கணுக்கால் மடங்காது. மடங்காத காலோடு சேற்றில் எப்படி நடுவது?

அத்தைக்கு நுண்துளை முறையே போதும் என்றார்கள். காசு கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, "ஆறு வாரத்துக்குக் கால ஊனக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

"அப்ப நடவு போயிடுமே சார்?" என்றார் அத்தை. டாக்டர் பதில் சொல்லவில்லை. அவரிடம் பதில் இல்லை.

எங்கள் தெருவில் கக்கத்துக் கட்டை ஊன்ற நல்ல தரை கிடையாது. சிமெண்ட் சாலை குடியானத் தெருவோடு நின்றுவிடுகிறது. கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்தே ஆறு வாரத்தையும் ஓட்டினோம்.

ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் வருடத்துச் சட்டத்தில் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நாட்டுக்கே சோறு போடும் வயல்கூலிக்கு அந்த உரிமை இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட மண் இது. அதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி கேட்கவே அத்தனை உயிர் கொடுத்தோம். படுத்த நாளுக்குக் கூலி கேட்க இன்னும் தொடங்கவே இல்லை.

அந்த ஆறு வாரமும் நடவுப் பெண்கள் தங்கள் கூலியில் அத்தைக்கு ஒரு பங்கு எடுத்துவைத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் பணம் வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் பங்கில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் அரைவயிற்றுக்காரர்கள் தங்கள் சோற்றில் பிய்த்துக் கொடுப்பதைக் காட்டி அரசு தப்பிக்கக் கூடாது.

அத்தை இப்போது வலியில்லாமல் நடக்கிறார். சேற்றில் இறங்கலாமா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் சுளுக்கு என்று சொல்லி மாதக்கணக்கில் நொண்டும் ஒரு அம்மா இருப்பார். "வயசாகுது" என்று விட்டுவிடாதீர்கள். அழைத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்த கூலிப் பேச்சில் ஓய்வு நாள் கூலியையும் கோரிக்கையாக எழுதுங்கள்.