ஹஸ்கி வேண்டாம்டா தம்பி

தம்பி வீடு ஹைதராபாத் கொண்டாப்பூரில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடியற்காலையில் ஓடுகிறவர்கள். மீன்தொட்டிகூட வைத்துப் பழக்கமில்லாத வீட்டில் இப்போது நாய் ஆசை. வாட்ஸப்பில் ஹஸ்கி படமாக வந்து விழுகிறது.

பனியில் சறுக்குவண்டி இழுத்த இனம் அது, இரட்டை அடுக்கு ரோமம். மே மாதம் ஹைதராபாத் 40 டிகிரியைத் தாண்டும். நாள் முழுக்க ஏசியில் படுத்திருக்கும் நாயோடு எங்கே ஓடுவது?

"அப்போ சிப்பிப்பாறை?" என்றான். (ஊர்ப்பாசம்!) 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பெயர் சொன்ன இனம். ஒட்டின ரோமம், வெயில் தாங்கும், ஓட்டத்துக்கென்றே பிறந்தது. ஆனால் முயல் விரட்டிய ரத்தம். பூனை குறுக்கே போனால் அப்புறம் நம் குரல் அதன் காதில் ஏறாது. முதல் நாயாக வேண்டாம்.

லாப்ரடார் சொன்னபடி கேட்கும். தின்று கொழுக்கவும் செய்யும். வாங்குவதென்றால் தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

என் ஓட்டு நாட்டு நாய்க்குத்தான். அதுவும் குட்டி இல்லை, ஒரு வயது தாண்டினது. குணம் தெரிந்துவிடும், உடனே ஓடவும் கூட்டிப்போகலாம். மாநகராட்சி நாய்களுக்கென்றே திறந்த பூங்கா வேறு கொண்டாப்பூரிலேயே 2018 முதல் இருக்கிறது.

ஒன்று மட்டும்: கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். சுட்டால் அன்றைக்கு நடை கிடையாது.